விலை கூடிய கேமிங் மவுஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நண்பர்கள் வட்டத்தில் எனக்கு ‘மவுஸ்காரன்’ என்று ஒரு பெயர் உண்டு. பத்து வருடத்தில் ஆறு மவுஸ் மாற்றியிருக்கிறேன். அதில் இரண்டு, ஒரு மாதம்கூட ஆடாமல் இழுப்பறைக்குள் போயின. இரண்டிலும் மவுஸின் அசைவைப் படிக்கும் சென்சார் அருமை, பேட்டரி அருமை, ஆனால் என் கைக்குப் பொருந்தவில்லை. புதிதாக வாங்கப் போகிறவர்களும், வாங்கிவிட்டுக் குழம்புகிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2, வேலரண்ட் மாதிரியான சுடும் விளையாட்டுகளை மனதில் வைத்துத்தான் பேசுகிறேன்.

பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஒரு மவுஸுக்குக் கொடுப்பது நியாயமா? அந்தக் காசு எதற்குப் போகிறது?

சென்சாருக்குப் போகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அந்தக் காலம் முடிந்துவிட்டது. 2014-இல் லாஜிடெக் ஜி502 வந்தபோது அதற்குள் இருந்த பிக்ஸ்ஆர்ட் 3366 சென்சார் உண்மையிலேயே ஒரு பாய்ச்சல். அதற்கு முன்பு வேகமாக இழுத்தால் குறி வானத்தைப் பார்க்கும், தரையைப் பார்க்கும். இப்போது மூவாயிரம் ரூபாய் மவுஸில் இருக்கும் சென்சாரைக்கூட உங்கள் கையால் தடுமாற வைப்பது கஷ்டம்.

கூடுதல் காசு போவது எடைக்கும் கட்டுமானத்துக்கும். நான் சொன்ன அந்த ஜி502 ஏறத்தாழ 121 கிராம், அதுவும் வயரின் எடையைச் சேர்க்காமல். அதே லாஜிடெக்கின் ஜி ப்ரோ வயர்லெஸ், 2018-இல் வந்தது, 80 கிராம். 2020 கடைசியில் வந்த சூப்பர்லைட் 63 கிராமுக்குக் கீழே. 2023-இல் வந்த சூப்பர்லைட் 2, 60 கிராம். ரேசரின் வைப்பர் வி3 ப்ரோ 54 கிராம். பேட்டரியை உள்ளே வைத்து, ஓட்டில் ஓட்டை போடாமல், அழுத்தினால் நெளியாமல் இந்த எடைக்குக் கொண்டுவருவது லேசான வேலை இல்லை. அதற்குத்தான் விலை. அந்த எடைக் குறைவு உங்களுக்குத் தேவையா என்பது தனிக் கேள்வி. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஆடுகிறவருக்குத் தேவையில்லை என்பேன்.

எடை குறைந்தால் ஆட்டம் உண்மையில் மாறுமா?

மாறும். ஆனால் எதிரியைச் சுடும் அந்த ஒரு நொடியில் அல்ல. மவுஸைத் தூக்கி நடுவில் திரும்ப வைப்போம் இல்லையா, அங்கேதான் முதலில் தெரியும். குறைந்த சென்சிட்டிவிட்டியில், அதாவது மவுஸை நிறைய நகர்த்தினால்தான் குறி கொஞ்சம் நகரும்படி வைத்து ஆடுகிறவர்கள் ஒரு மணி நேரத்தில் அதை நூற்றுக்கணக்கான முறை செய்வார்கள். 120 கிராமை அப்படித் தூக்கினால் மூன்றாவது மேட்சில் முன்கை கனக்கும்.

இன்னொரு பக்கமும் உண்டு. கனமான மவுஸிலிருந்து திடீரென்று 55 கிராமுக்கு வந்தால் குறி இலக்கைத் தாண்டிப் போகும். பழைய மவுஸை நிறுத்த எவ்வளவு விசை கொடுத்தீர்களோ, அதையே கை இதற்கும் கொடுக்கும். ஒரு வாரம், பத்து நாளில் சரியாகிவிடும். அதற்குள் ‘இது எனக்கு ஒத்துவராது’ என்று தீர்ப்பு எழுதிவிட வேண்டாம்.

என் கைக்கு எது பொருந்தும் என்று வாங்குவதற்கு முன்பே எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

ஒரு ஸ்கேலை எடுங்கள். மணிக்கட்டு மடியும் கோட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை நீளம், கட்டைவிரலை விட்டுவிட்டு நான்கு விரல்களின் அகலம், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் இப்போது இருக்கும் மவுஸை எப்படிப் பிடிக்கிறீர்கள் என்று கவனியுங்கள். யோசித்துப் பிடிக்கக் கூடாது. ஆட்டத்தின் நடுவில் யாரையாவது ஃபோனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். உள்ளங்கை முழுவதும் மவுஸின் முதுகில் படுத்திருந்தால் பாம் கிரிப். உள்ளங்கையின் அடிப்பகுதி மட்டும் பட்டு, விரல்கள் கூரை மாதிரி வளைந்திருந்தால் கிளா கிரிப். உள்ளங்கை படவே இல்லை, விரல்நுனிகள் மட்டும் என்றால் ஃபிங்கர்டிப். பாதிப் பேருக்கு இதில் இரண்டு கலந்துதான் இருக்கும்.

இனி பெட்டியில் போட்டிருக்கும் அளவுகளைப் பாருங்கள். சூப்பர்லைட் 2 சுமார் 125 மி.மீ. நீளம், 63.5 மி.மீ. அகலம், 40 மி.மீ. உயரம். இருபக்கமும் ஒரே மாதிரி இருக்கும் வடிவம். ரேசர் டெத்ஆடர் வி3 ப்ரோ சுமார் 128 மி.மீ. நீளம், 68 மி.மீ. அகலம், 44 மி.மீ. உயரம். வலது கைக்காரர்களுக்கு என்றே சரித்து வடித்தது. தாளில் பார்த்தால் நான்கு மில்லிமீட்டர் வித்தியாசம். கையில் பிடித்தால் ஒன்று சோப்புக்கட்டி, இன்னொன்று தேங்காய் மூடி. பெரிய கை, பாம் கிரிப் என்றால் அந்த 44 மி.மீ. முதுகு சொர்க்கம். சின்னக் கையில் கிளா பிடிப்பவர் அதே மவுஸில் விரலை மடக்க இடமில்லாமல் தவிப்பார்.

நீளம், அகலத்தைவிட முதுகின் மேடு எங்கே வருகிறது என்பது முக்கியம். மேடு பின்பக்கம் தள்ளி இருந்தால் கிளா பிடிப்புக்கு உள்ளங்கையில் நன்றாக முட்டும். நடுவில் இருந்தால் பாம் பிடிப்புக்கு நல்லது. இதை எந்தப் பெட்டியிலும் போடமாட்டார்கள். பக்கவாட்டுப் படத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். என் இழுப்பறையில் கிடந்த இரண்டும் இதில் கோட்டைவிட்டு வாங்கியவைதான். கடையில் ஐந்து நிமிடம் பிடித்துப் பார்க்க முடிந்தால், நூறு விமர்சன வீடியோவை விட அது மேல்.

30,000 டிபிஐ, 44,000 டிபிஐ என்கிறார்களே, எவ்வளவு வைக்க வேண்டும்?

டிபிஐ என்பது மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் எத்தனை எண்ணிக்கை அனுப்புகிறது என்பது. 800 என்றால் அங்குலத்துக்கு 800. அந்த 44,000 பெட்டியின் மேல் அச்சடிக்க மட்டும் பயன்படும். தொழில்முறை ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் 400, 800, 1600 என்ற மூன்றில்தான் இருக்கிறார்கள்.

பேச வேண்டியது டிபிஐ-யைப் பற்றி அல்ல, ஒரு முழுச் சுற்றுக்கு எத்தனை சென்டிமீட்டர் என்பதைப் பற்றி. கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கில் 800 டிபிஐ, சென்சிட்டிவிட்டி 1 என்று வைத்தால், 360 டிகிரி திரும்ப மவுஸ் சுமார் 52 செ.மீ. நகர வேண்டும். அதே உணர்வு வேலரண்டில் வேண்டுமென்றால் 3.18-ஆல் வகுங்கள், 0.314 வரும். டிபிஐ-யை 1600 ஆக்கினால் சென்சிட்டிவிட்டியைப் பாதியாக்குங்கள். தூரம் அதேதான். இந்தத் தூரத்தை ஒரு தாளில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவைத்தால், மவுஸ் மாற்றும்போதும் விளையாட்டு மாற்றும்போதும் தலை சுற்றாது.

அதே 800 டிபிஐ வைத்தும் புது மவுஸ் வேகமாகப் போகிற மாதிரி இருக்கிறது. மனப்பிரமையா?

இல்லை. ஒரு மவுஸின் 800 இன்னொன்றின் 800-க்கு நூல் பிடித்த மாதிரி சமமாக இருக்காது. சில சதவீதம் கூடக் குறைய இருக்கும். ஸ்கேல் வைத்து நீங்களே அளக்கலாம். விண்டோஸில் பாயின்டர் வேகத்தை நடுவில் வைத்து, ‘என்ஹான்ஸ் பாயின்டர் ப்ரிசிஷன்’ என்பதை அணைத்து, திரை ஸ்கேலிங்கை 100 சதவீதமாக்குங்கள். 1920 புள்ளி அகலத் திரையில் இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்குப் போக, சரியான 800 டிபிஐ என்றால் மவுஸ் 6.1 செ.மீ. நகர வேண்டும். 5.8-லேயே போய்விட்டால் உங்கள் மவுஸ் 840 பக்கம் இருக்கிறது. மவுஸ் நிறுவனம் தரும் மென்பொருளில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். கையால் அளப்பதில் பிசகு வரும், நான்கைந்து முறை செய்து சராசரி எடுங்கள்.

சென்சார் எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் ஒரு காரணம். மணிக்கட்டை ஊன்றி ஆட்டுகிறவருக்கு, சென்சார் முன்னால் தள்ளி இருக்கும் மவுஸ் அதிக தூரம் வீசும், பின்னால் இருப்பது குறைவாக வீசும். முழங்கையிலிருந்து ஆட்டுகிறவருக்கு இது தெரியவே தெரியாது.

8000 ஹெர்ட்ஸ் போலிங் அவசியமா?

மவுஸ் கணினியிடம் நொடிக்கு எத்தனை முறை தகவல் சொல்கிறது என்பது போலிங். சாதாரண அலுவலக மவுஸ் 125 ஹெர்ட்ஸ், அதாவது 8 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை. 1000 ஹெர்ட்ஸ் என்றால் 1 மில்லிசெகண்ட். 8000 என்றால் 0.125. முதல் தாவலில் 7 மில்லிசெகண்ட் லாபம். இரண்டாவது தாவலில் ஒன்றுக்கும் குறைவு. கண்ணில் பட்டதற்கு விரல் அசைய மனிதனுக்கு ஏறத்தாழ 200 மில்லிசெகண்ட் ஆகிறது. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 800 டிபிஐ மவுஸ் நொடிக்கு 8000 முறை சொல்வதற்குப் புதிதாக ஏதாவது இருக்க வேண்டுமென்றால், அது நொடிக்கு 10 அங்குலம், அதாவது 25 செ.மீ. வேகத்திலாவது நகர வேண்டும். மெதுவாக ஒரு தலையைப் பின்தொடரும்போது அந்த வேகம் வராது. அப்போது 8000 என்பது பெயரளவில்தான். அதனால்தான் உயர் போலிங் வைப்பவர்கள் டிபிஐ-யையும் 1600-க்கு ஏற்றச் சொல்கிறார்கள். போதாததற்கு, ப்ராசசருக்குச் சுமை கூடும். பழைய கணினியில் ஆட்டம் தடுக்கித் தடுக்கி ஓடும். வைப்பர் வி3 ப்ரோவில் 1000 ஹெர்ட்ஸில் 95 மணி நேரம் வரை நிற்கும் என்று சொல்லப்படும் பேட்டரி, 8000-இல் 17 மணி நேரம்தான். நான் 2000-இல் விட்டிருக்கிறேன். 1000-இல் விட்டாலும் எனக்கு வித்தியாசம் தெரியாது, ஏதோ ஒரு திருப்தி.

வயர்லெஸ் என்றால் தாமதம் வருமே?

2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளோடு (கணினியின் யுஎஸ்பி போர்ட்டில் செருகும் சின்ன ரிசீவர்) வரும் நல்ல கேமிங் மவுஸில் வராது. 2016-இல் லாஜிடெக் ஜி900 வந்தபோதே அந்தப் பேச்சு அடங்க ஆரம்பித்துவிட்டது. ப்ளூடூத் வேறு கதை. அது அலுவலக வேலைக்கு.

தாமதம் இருப்பதாகத் தோன்றினால் முதலில் டாங்கிள் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். மேசைக்குக் கீழே, சிபியுவின் பின்பக்கம், பக்கத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க் யுஎஸ்பி 3 போர்ட்டில் ஓடுகிறது என்றால் குறி திக்கித் திணறத்தான் செய்யும். யுஎஸ்பி 3 எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுகிறது என்பதை இன்டெல் நிறுவனமே 2012-இல் விளக்கி ஓர் அறிக்கை வெளியிட்டது. பெட்டியில் ஒரு நீட்டிப்பு கேபிள் வந்திருக்கும். பலரும் அதைப் பிரிப்பதே இல்லை. அதை மாட்டி டாங்கிளை மவுஸ்பேடுக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். என்னிடம் வரும் ‘மவுஸ் ரிப்பேர்’ புகார்களில் பாதி இதிலேயே தீர்ந்துவிடும்.

ஒரே கிளிக் இரண்டு கிளிக்காக விழுகிறது. என்ன கோளாறு?

விலை கூடிய மவுஸிலும் வருகிற பழைய வியாதி இது. எனக்கு ஒரு மவுஸ் பதினான்கு மாதத்தில் இதைச் செய்தது. வாரன்டி இருந்தும் சேவை மையத்துக்கு இரண்டு முறை அலைந்ததுதான் மிச்சம். ஃபைலை இழுத்துக்கொண்டு போனால் பாதி வழியில் கீழே போட்டுவிடும். ஒரு முறை தட்டினால் ஃபோல்டர் திறந்துகொள்ளும்.

சாதாரண ஸ்விட்சுக்குள் ஒரு சின்ன உலோகத் தகடு இன்னோர் உலோக முனையைத் தொடுகிறது. தொடும்போது அது ஒரு கணம் துள்ளும். அந்தத் துள்ளலைக் கணக்கில் எடுக்காமல் இருக்க மவுஸ் சில மில்லிசெகண்ட் காத்திருக்கும், அதற்கு டிபௌன்ஸ் என்று பெயர். நாளாக ஆக முனையில் படலம் படிந்து, தகடு தளர்ந்து, துள்ளல் நீண்டுவிட்டால் இரண்டு கிளிக்காக விழும். ஈரக்காற்றும் உப்புக்காற்றும் இருக்கும் கடலோர ஊர்களில் உலோக முனைகளுக்குக் கூடுதல் சோதனைதான்.

மென்பொருளில் டிபௌன்ஸ் நேரத்தைக் கூட்டுவது தற்காலிக மருந்து. நிரந்தர மருந்து ஸ்விட்சை மாற்றுவது. மூன்று கால் உள்ள அந்தச் சிறிய ஸ்விட்ச் பெரும்பாலான மவுஸ்களில் ஒரே அளவுதான். ஆம்ரான், ஹுவானோ, கைல் என்று பல தயாரிப்புகள் கிடைக்கின்றன. சால்டரிங் தெரிந்தவருக்கு அரை மணி நேர வேலை. எனக்குச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒருவர் டீ ஆறுவதற்குள் மாற்றிக் கொடுத்தார். ஆனால் கழற்றும்போது அடிப்பாதங்களை, அதாவது மவுஸின் அடியில் ஒட்டியிருக்கும் வழுக்குப் பட்டைகளை, உரிக்க வேண்டியிருக்கும், அவை மடங்கிவிடும், புதிது ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு போங்கள். வாரன்டி மிச்சம் இருந்தால் முதலில் அதைக் கேட்டுப் பார்ப்பதுதான் முறை.

புதிதாக வாங்குகிறவர்கள் ஆப்டிகல் ஸ்விட்ச் உள்ளதைப் பாருங்கள். அதில் ஒளிக்கற்றை மறிக்கப்படுவதோ திறப்பதோதான் கிளிக், உலோகம் தொட்டுத் துள்ளும் பிரச்சினை கிடையாது. மேலே சொன்ன ரேசர் மவுஸ்கள் இந்த வகை. சூப்பர்லைட் 2-இல் இரண்டும் கலந்த ஒன்று. கிளிக் உணர்வு கொஞ்சம் மாறுபடும், சிலருக்கு அது ‘டொக் டொக்’ என்று வெறுமையாகப் படும்.

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

பெட்டியைக் கிழிக்காமல் திறங்கள், அது முதல் விஷயம். மவுஸைக் காதருகே வைத்து ஆட்டுங்கள். உள்ளே ஏதாவது கலகலத்தால் பேட்டரியோ வீலோ தளர்வு. வீல் லேசாக ஆடுவது பல மவுஸ்களில் சகஜம், அதற்காகப் பயப்பட வேண்டாம். இரு பக்கமும் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். ‘கிறீச்’ என்று முனகினாலோ, அழுத்தும்போது பக்கப் பட்டன் தானாக விழுந்தாலோ மாற்றிக் கேட்கலாம். இடது, வலது கிளிக் இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்கிறதா, வீலை மெதுவாக மேலே உருட்டும்போது திரையில் இருக்கும் பக்கம் ஓரிடத்தில் கீழே துள்ளுகிறதா என்று கவனியுங்கள்.

விண்டோஸின் பெயின்ட் செயலியில் மெதுவாக ஒரு வட்டம் போடுங்கள். கோடு நடுங்கினால் பேடுக்கும் சென்சாருக்கும் ஒத்துப்போகவில்லை. சாய்கோடு தானாக நேர்கோடாகிவிட்டால் ‘ஆங்கிள் ஸ்னாப்பிங்’ இயங்குகிறது, அதை அணைத்துவிடுங்கள். தூக்கும்போது எவ்வளவு உயரத்தில் குறி நிற்கிறது என்று பார்க்கப் பழைய சிடி போதும். ஒரு சிடி 1.2 மி.மீ. தடிமன். மவுஸின் இரு ஓரங்களுக்குக் கீழே சிடி கொடுத்து, சென்சாருக்கு நேர் கீழே பேட் மட்டும் தெரிகிற மாதிரி வைத்து அசையுங்கள். ஒரு சிடி உயரத்தில் குறி நின்றுவிட்டால் அருமை. இரண்டு சிடி உயரத்திலும் நகர்ந்துகொண்டே இருந்தால் மென்பொருளில் அந்த அளவைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள்.

மிச்ச நாட்களில் ஆடுங்கள். சென்சிட்டிவிட்டி, பேட், நாற்காலி எதையும் கூடவே மாற்றாதீர்கள். ஆடி முடித்ததும் கையைப் பாருங்கள்: சுண்டுவிரல் பேடில் உரசிச் சிவந்திருக்கிறதா, கட்டைவிரல் பக்கப் பட்டனைத் தேடி அலைகிறதா, மவுஸை அடிக்கடி திருத்திப் பிடிக்கிறீர்களா? நான் முதலில் பார்ப்பது அந்தக் கடைசியைத்தான். ஒரு ரவுண்டுக்குள் இரண்டு மூன்று தடவை பிடியைத் திருத்துகிறீர்கள் என்றால், அது உங்கள் கைக்கான வடிவம் இல்லை. ஸ்கோரை வைத்து முடிவு செய்யாதீர்கள். புதுப் பொருள் குஷியில் முதல் இரண்டு நாள் எல்லாருமே நன்றாகத்தான் ஆடுவார்கள்.

மவுஸ்பேட் எவ்வளவு முக்கியம்?

மவுஸுக்குச் செலவழித்ததில் பத்தில் ஒரு பங்காவது இதற்கு ஒதுக்குங்கள். துணி பேட் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் சென்னை மாதிரியான ஊரில் நேற்று வழுக்கிய பேட் இன்று மாவு பிசைந்த மாதிரி இழுக்கும், அதற்கு மவுஸைக் குறை சொல்லிப் பயனில்லை. முன்கை படும் இடம் வேர்வையில் கறுத்துவிட்டால் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு அலசி, நிழலில் முழுக்கக் காயவைக்கலாம். ஒரு நாள் ஆகும்.

மவுஸின் அடிப்பாதம் பிடிஎஃப்இ, அதாவது நம் தோசைக்கல் டெஃப்லான்தான். அது தேயும். ஓரம் மழுங்கி, நடுவில் கீறல் விழுந்தால் மாற்றிவிடுங்கள். கண்ணாடிப் பாதங்களும் விற்கிறார்கள். பனிக்கட்டி மாதிரி வழுக்கும், எனக்குப் பிடிக்கவில்லை.

வேர்வையில் வழுக்குகிறது. என்ன செய்யலாம்?

கிரிப் டேப் ஒட்டுங்கள். சில மவுஸ்களோடு பெட்டியிலேயே வரும். ஈரம் லேசாகத் தொட்ட துணியால் வாரம் ஒருமுறை துடைத்தால் பளபளப்பு ஏறாது. தேன்கூடு மாதிரி ஓட்டை போட்ட மவுஸ்கள் காற்றோட்டத்துக்கு நல்லது என்பார்கள். நம் ஊர்த் தூசிக்கும் மிக்சர் துகளுக்கும் அவை உண்டியல்.

மென்பொருள் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமா?

வேண்டாம். ஒரு முறை நிறுவி, ஃபர்ம்வேரை (மவுஸுக்குள்ளேயே ஓடும் நிரல்) புதுப்பித்து, டிபிஐ-யையும் போலிங்கையும் மவுஸின் சொந்த நினைவகத்தில் சேமித்துவிட்டு மூடிவிடலாம்.

மணிக்கட்டு வலிக்கிறது. மவுஸை மாற்றினால் சரியாகுமா?

மேசை உயரத்தை முதலில் பாருங்கள். முழங்கை தொங்கிக்கொண்டிருந்தால் எந்த மவுஸும் வலிக்கும். விரல் மரத்துப் போகிறது, இரவில் குத்துகிறது என்றால் டாக்டரைப் பாருங்கள், கடைக்காரரை அல்ல.

பிடிக்காத மவுஸை விற்க முடியுமா?

பெட்டியும் டாங்கிளும் பத்திரமாக இருந்தால் நல்ல விலைக்கே போகும். டாங்கிள் தொலைந்தால் பாதி மதிப்பு போச்சு. மாற்று டாங்கிள் கிடைப்பதும் எளிதல்ல. பல மவுஸ்களில் டாங்கிளை வைக்க அடியிலேயே ஒரு சின்ன அறை இருக்கும், அதில் வைத்துப் பழகுங்கள். இழுப்பறையில் கிடந்த இரண்டில் ஒன்றைப் பக்கத்துத் தெருப் பையனுக்குக் கொடுத்தேன். சின்னக் கை, விரல்நுனிப் பிடி. எனக்குத் தட்டையாக இருந்தது அவனுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்துவிட்டது. அதன் டாங்கிளைத் தேடி எடுக்கத்தான் இரண்டு நாள் ஆனது.